விதி எல்லோருக்கும் ஒன்றுதான், பாதிப்பு ஒன்றா? தாடி வழியாக மறைமுகப் பாகுபாடு: ஓர் எளிய விளக்கம்

எங்கள் தெருவில் ஒரு தம்பி இருக்கிறான். கேட்டரிங் படித்துவிட்டு ஒரு பெரிய ஹோட்டலின் வரவேற்பில் வேலைக்குச் சேர்ந்தான். தினமும் முழுச் சவரம் செய்துகொண்டுதான் வர வேண்டும் என்பது அங்கே விதி. சேர்ந்து மூன்று மாதம் இருக்கும், ஒருநாள் அவன் கழுத்தைப் பார்த்தேன். தாடைக்குக் கீழே, சட்டைக் காலர் உரசும் இடத்தில், கடுகைச் சிதறவிட்டதுபோலக் கறுப்பும் சிவப்புமாகப் பொரிகள். இரண்டு மூன்றில் சீழ் கோத்திருந்தது. வெள்ளைக் காலரின் உள்மடிப்பில் ரத்தப் பொட்டு காய்ந்து கிடந்தது. மறுநாள் விடிந்தால் அதே இடத்தில் மறுபடியும் ரேசர் ஓட வேண்டும்.

மேலாளரிடம் சொல்லிப் பார்த்தானாம். "விதி எல்லாருக்கும் ஒண்ணுதானே தம்பி, உனக்கு மட்டும் எப்படி மாத்த முடியும்?" என்று பதில் வந்திருக்கிறது.

இந்தப் பதிலுக்காகத்தான் இந்தக் கட்டுரை. தாடிக்குத் தடை பற்றிய பேச்சு எங்கே எழுந்தாலும் இரண்டு குரல் கேட்கும். 'எல்லோருக்கும் ஒரே விதி என்றால் அதில் பாகுபாடு எங்கே வந்தது?' என்பது ஒன்று. 'தாடி என் உரிமை, அதைத் தொடும் எந்த விதியும் அநியாயம்' என்பது இன்னொன்று. இரண்டுமே பாதி வழியில் நின்றுவிடுகின்றன. மீதி வழியைக் கடக்க மறைமுகப் பாகுபாடு என்ற ஒரு கருத்து தெரிந்தால் போதும்.

ரேஷன் கடையிலிருந்து தொடங்குவோம்

ரேஷன் கடையில் கைரேகை இயந்திரம் வந்த புதிதில் பலரும் பார்த்த காட்சிதான். வரிசையில் நிற்கும் பாட்டி விரலை வைக்கிறார். ரேகை பதியவில்லை. "துடைச்சிட்டு வைங்க பாட்டி." வைக்கிறார், பதியவில்லை. "இன்னும் கொஞ்சம் அழுத்தி வைங்க." அப்போதும் இல்லை. 40 வருடம் சித்தாளாகச் சுண்ணாம்பும் சிமெண்டும் அள்ளிய விரல், ரேகை தேய்ந்து வழவழவென்று இருக்கிறது. பின்னால் நிற்கும் இளைஞன் ஒரே தடவையில் வாங்கிக்கொண்டு போய்விடுகிறான்.

முதியவர்களுக்கோ கூலி வேலை செய்தவர்களுக்கோ அரிசி கிடையாது என்று எந்த விதியிலும் எழுதவில்லை. வடிவமைத்தவர் மனதிலும் அப்படி எண்ணம் இருந்திருக்காது. ஆனாலும் வெறுங்கையோடு திரும்புகிறவர்கள் யார் என்று கணக்கெடுத்தால் பெரும்பாலும் அவர்களாகத்தான் இருப்பார்கள். பிறகு கருவிழிப் பதிவு வந்தது. அரிசி வழங்குவது நிற்கவில்லை, ஆளை உறுதிசெய்யும் தேவையும் நிறைவேறியது. வழி மட்டும்தான் மாறியது. இந்த மூன்று விஷயத்தையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: யாருக்கு அடி விழுந்தது, தேவை என்ன, வேறு வழி இருந்ததா.

இப்போது இரண்டு சொற்கள். 'இந்தச் சாதிக்காரருக்கு வேலை இல்லை' என்று ஒருவரைக் குறிப்பிட்டே ஒதுக்குவது நேரடிப் பாகுபாடு. யாரையும் குறிப்பிடாமல் எல்லோருக்கும் பொதுவாகப் போடப்பட்ட ஒரு விதி, நடைமுறையில் ஒரு பிரிவினரை மட்டும் கூடுதலாகத் தாக்கி, அப்படித் தாக்குவதற்குத் தக்க காரணமும் இல்லாமல் இருந்தால் அது மறைமுகப் பாகுபாடு. இதில் விதி போட்டவரின் உள்நோக்கம் பெரிதில்லை. நல்ல மனதோடு போட்ட விதியும் இதில் மாட்டும்.

கொக்கும் நரியும், ஒரு தீர்ப்பும்

இந்தக் கருத்துக்குச் சட்ட உருவம் கொடுத்தது அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 1971-ஆம் ஆண்டுத் தீர்ப்பு. வடக்குக் கரோலினாவில் டியூக் பவர் என்ற மின்சார நிறுவனம். நல்ல சம்பளம் தரும் பிரிவுகளுக்குப் போக வேண்டுமானால் உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ் வேண்டும், தேர்வுகளிலும் தேற வேண்டும் என்று விதி. வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் அதே விதிதான். ஆனால் கறுப்பினக் குழந்தைகளைத் தலைமுறை தலைமுறையாக மட்டமான தனிப் பள்ளிகளில் அடைத்து வைத்திருந்த மாநிலம் அது. அந்தத் தகுதி வேலைக்கு உண்மையில் தேவை என்பதை நிறுவனத்தால் காட்ட முடியவில்லை. விதி செல்லாது என்றார்கள்.

அந்தத் தீர்ப்பில் நமக்குச் சின்ன வயதிலேயே தெரிந்த ஒரு கதை வருகிறது. நரியும் கொக்கும் விருந்துண்ட கதை. ஒரே பாத்திரத்தில் பாலை வைத்து 'இருவருக்கும் சமமாக வைத்தேன்' என்று சொன்னால் ஆகுமா, குடிக்கப் போகிறவருடைய வாயின் அமைப்பையும் பார்க்க வேண்டாமா என்பதுதான் நீதிபதிகள் சொன்னதன் சாரம். எனக்குத் தெரிந்து இதைவிடச் சுருக்கமாக இந்தக் கருத்தை விளக்கிவிட முடியாது.

நம் உச்ச நீதிமன்றமும் 2021 மார்ச்சில் ராணுவப் பெண் அதிகாரிகள் வழக்கில் மறைமுகப் பாகுபாட்டை விரிவாகப் பேசி ஏற்றுக்கொண்டது. ஆண் அதிகாரிகளுக்கு இளம் வயதில் பார்க்கப்படும் உடற்தகுதியை, நிரந்தரப் பணி வருடக்கணக்கில் மறுக்கப்பட்ட பெண்களிடம் அவர்களுடைய நாற்பது வயதுக்கு மேல் எதிர்பார்த்தார்கள். அளவுகோல் ஒன்றுதான், ஆனால் அநீதி என்றது நீதிமன்றம்.

சரி, தாடி எங்கே வருகிறது?

'தாடி கூடாது' என்ற விதி பெரும்பாலான ஆண்களிடம் கேட்பது காலையில் பத்து நிமிடம். சிலரிடம் மட்டும் அது கேட்பது வேறு.

முதலில் தோல். தலைமுடி சுருட்டையாக உள்ளவர்களுக்குத் தாடி முடியும் பெரும்பாலும் சுருளும். அதை ஒட்டச் சிரைத்தால் முடியின் நுனி ஊசிபோலக் கூர்மையாகிவிடும். நேராக வளரும் முடியாக இருந்தால் பரவாயில்லை, வெளியே போய்விடும். சுருள்முடி வளைந்து திரும்பி வந்து தோலையே குத்தி உள்ளே நுழையும். மூன்று நான்கு பிளேடு வைத்த ரேசர் முடியைச் சற்று இழுத்து வெட்டுவதால் நுனி தோலுக்கு அடியிலேயே போய் உட்கார்ந்துகொள்ளும், வெளியே வராமல் உள்ளேயே வளரும். தன் முடியை உடம்பு அந்நியப் பொருளாக எடுத்துக்கொண்டு எதிர்க்கிறது. வீக்கம், சீழ், பிறகு கறுப்புத் தழும்பு. பேச்சு வழக்கில் இதற்கு ரேசர் பம்ப் என்று பெயர். மருத்துவர்கள் சூடோபாலிகுலைட்டிஸ் பார்பே என்பார்கள். எங்கள் தெருத் தம்பிக்கு இருந்தது இதுதான். ஒட்டச் சிரைப்பதை நிறுத்தி முடியைக் கொஞ்சம் வளரவிட்டால் பெரும்பாலும் தணிந்துவிடும். அதைத்தான் அந்த விதி தடுக்கிறது.

அமெரிக்காவில் ஒமாஹா நகரில் டோமினோஸ் பீட்சா கிளை ஒன்றில் இப்படிப்பட்ட தோல் கொண்ட ஒரு கறுப்பினத்தவர், தாடியை எடுக்க முடியாததால் வேலை இழந்தார். வழக்கு 1990-களின் தொடக்கத்தில் மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. கறுப்பின ஆண்களில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு இந்தத் தொல்லை உண்டு, நான்கில் ஒருவரால் சவரமே செய்ய முடியாது, வெள்ளையரில் இப்படி இருப்பவர்கள் மிக அரிது என்று தோல் மருத்துவர் சாட்சி சொன்னார். விதியில் 'கறுப்பினம்' என்ற சொல்லே இல்லை. ஆனால் வாசலில் நிறுத்தப்பட்டவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான்.

அடுத்தது நம்பிக்கை. சீக்கியருக்குக் கேசம், அதாவது வெட்டாத முடி, சமயக் கடமை. தாடியும் அதில் அடக்கம். முஸ்லிம்களில் பலர் நபிவழி என்று தாடி வைக்கிறார்கள். யூதர்களிலும் சில பிரிவினர் அப்படி.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: விதியின் வாசகம் பொதுவாக இருக்கலாம், ஆனால் தாக்கம் சிலர் மேல் மட்டும் குவிகிறது. அந்தச் சிலர் இனத்தாலோ சமயத்தாலோ சேர்ந்த ஒரு பிரிவினராக இருக்கும்போதுதான் சட்டம் நிமிர்ந்து பார்க்கிறது.

'எடுக்க முடியாது' என்றால் என்ன பொருள்?

இங்கே ஒரு கேள்வி வரும். கருப்பை உள்ளவர்தான் கர்ப்பம் தரிக்க முடியும் என்பதுபோன்ற 'முடியாமை' இதில் இல்லையே? ஒரு சீக்கியர் நினைத்தால் ரேசரை எடுத்துச் சிரைத்துக்கொள்ள முடியும்தானே?

பிரிட்டனில் இதே வாதம் 1983-ல் பிரபுக்கள் சபையின் முன் வந்தது. அன்று அந்த நாட்டின் உச்ச நீதிமன்றம் அதுதான். பர்மிங்காம் பள்ளி ஒன்று, தலைப்பாகையைக் கழற்றி முடியையும் வெட்டினால்தான் சேர்த்துக்கொள்வேன் என்று ஒரு சீக்கியச் சிறுவனைத் திருப்பி அனுப்பியிருந்தது. 'முடியும்' என்பதை உடம்பால் முடியுமா என்று பார்க்கக் கூடாது, தன் மரபையும் பண்பாட்டையும் விட்டுக்கொடுக்காமல் நடைமுறையில் முடியுமா என்றுதான் பார்க்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. சிறுவன் தரப்பு வென்றது. தலைப்பாகை பற்றிய வழக்குதான், ஆனால் தாடிக்கும் அந்த விளக்கம் பொருந்தும். சைவ உணவுக்காரரிடம் 'மட்டன் பிரியாணி மட்டும்தான் இருக்கிறது, வாய் இருக்கிறதே, சாப்பிட முடியும்தானே' என்று சொன்னால் எப்படி இருக்கும்?

தேவையா, பழக்கமா?

பாதிப்பு இருக்கிறது என்று காட்டிவிட்டால் மட்டும் விதி தோற்றுவிடாது. இதைத்தான் தாடிக்காகப் போராடுகிற பலர் கவனிக்காமல் விடுகிறார்கள். விதி போட்டவருக்கு இரண்டு கேள்வி வரும். நியாயமான நோக்கம் இருக்கிறதா? அந்த நோக்கத்தை இதைவிடக் குறைந்த வலியில் அடைய வழி இல்லையா? பிரிட்டனின் 2010 சமத்துவச் சட்டமும் இதைத்தான் கேட்கிறது: நோக்கம் நியாயமானதாகவும், வழி நோக்கத்தின் அளவுக்குத் தக்கதாகவும் இருக்க வேண்டும்.

ஒமாஹாவில் நிறுவனம் சொன்ன காரணம், வாடிக்கையாளர்களுக்குத் தாடி பிடிக்காது என்பது. கருத்துக்கணிப்புகூடக் காட்டினார்கள். நீதிமன்றம் ஏற்கவில்லை. வாடிக்கையாளரின் ரசனை வேலைக்கான தேவை ஆகாது. எனக்கு இந்த இடம் மிக முக்கியமாகப் படுகிறது. ரசனையைக் காரணமாக ஏற்றுக்கொண்டால் நிறம் பிடிக்கவில்லை, பேச்சு வழக்கு பிடிக்கவில்லை என்று அந்தப் பட்டியல் எங்கே போய் நிற்கும்?

தாடிக்காரர்கள் தோற்ற வழக்குகளும் உண்டு. 1980-ல் பிரிட்டனில் நெஸ்லே சாக்லேட் தொழிற்சாலையில் வேலை கேட்ட சீக்கியர் தோற்றார், சுகாதாரம்தான் காரணம். இன்று உணவுத் தொழிற்சாலைகளில் தாடி வலை சாதாரணமாகிவிட்டதால் 'வேறு வழி இல்லை' என்பதை இன்று அத்தனை சுலபமாகச் சொல்லிவிட முடியாது என்பது என் எண்ணம். 1993-ல் அட்லாண்டா நகரத் தீயணைப்பு வீரர்கள் வழக்கு இன்னும் கடினமானது. புகைக்குள் போகும் வீரரின் முகக்கவசம் தோலோடு இறுக ஒட்ட வேண்டும். இடையில் முடி இருந்தால் அந்த இடுக்கில் நச்சுப்புகை நுழையும். ரேசர் பம்ப் தொல்லை உள்ள கறுப்பின வீரர்கள் மிகக் குட்டையான தாடிக்கு முன்பு இருந்த அனுமதியைத் திரும்பக் கேட்டார்கள். கிடைக்கவில்லை. உயிர் சம்பந்தப்பட்ட காரணம் அது, அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கொரோனா காலத்தில் இதே சிக்கல் மருத்துவமனைகளுக்கு வந்தது. 2020-ல் கனடாவின் மாண்ட்ரியலில் மருத்துவர்களாக இருந்த சீக்கியச் சகோதரர்கள் இருவர், யோசித்து, பெரியவர்களிடம் ஆலோசனை கேட்டு, நோயாளிகளுக்காகத் தாடியை எடுத்தார்கள். எத்தனை வருத்தமான முடிவாக இருந்திருக்கும். அதே காலத்தில் பிரிட்டனில் சீக்கிய மருத்துவர்கள் வேறு வழி தேடினார்கள். தாடியைப் படிய வைக்க அவர்கள் வீடுகளில் தட்டா என்று ஒரு துணி கட்டும் வழக்கம் உண்டு. அதுபோல இழுபடும் ரப்பர்த் துணியால் தாடையை மூடி உச்சந்தலையில் கட்டி, அதன் மேல் முகக்கவசத்தைப் போட்டால் காற்றுக் கசியாமல் ஒட்டுகிறதா என்று சோதித்துப் பார்த்தார்கள். சோதனையில் பலருக்குத் தேறியது. 'சிங் தட்டா' என்ற பெயரிலேயே அது மருத்துவ இதழில் வெளிவந்தது.

இப்படித் தேவையையும் காத்து, ஆளையும் வெளியே தள்ளாமல் செய்துகொடுக்கும் மாற்றத்துக்கு நியாயமான ஏற்பாடு என்று பெயர். அது சலுகை இல்லை. கருவிழிப் பதிவு பாட்டிக்குக் காட்டிய சலுகை என்று யாரும் சொல்வதில்லையே.

ஒருவருக்கு விலக்கு, இன்னொருவருக்கு இல்லை

ஒரு காரணம் உண்மையா சாக்கா என்று கண்டுபிடிக்க நல்ல வழி, அதே விதியில் ஏற்கெனவே யாருக்கு விலக்கு கொடுத்திருக்கிறார்கள் என்று பார்ப்பது. அடுத்து வருபவை சமய உரிமைச் சட்டங்களின் கீழ் நடந்த வழக்குகள், மறைமுகப் பாகுபாட்டுச் சட்டம் வேறு. ஆனால் நீதிமன்றம் கேட்ட கேள்வி ஒன்றேதான்.

அமெரிக்காவின் நியூவர்க் நகரக் காவல்துறை, தோல் தொல்லை உள்ளவர்களுக்குத் தாடி வைக்க அனுமதி கொடுத்துவிட்டு, முஸ்லிம் காவலர்களுக்கு மறுத்தது. எல்லோரும் ஒரேமாதிரி தெரிய வேண்டும் என்றது. தோல் நோய்க்காரரின் தாடி கெடுக்காத ஒருமைப்பாட்டை முஸ்லிமின் தாடி மட்டும் எப்படிக் கெடுக்கும்? 1999-ல் காவலர்கள் வென்றார்கள். 2015-ல் ஆர்கன்சாஸ் சிறை. ஒரு முஸ்லிம் கைதி அரை அங்குலத் தாடி கேட்டார். அதற்குள் பொருளை ஒளிப்பார்கள் என்றது சிறை நிர்வாகம். தோல் நோய் உள்ள கைதிகளுக்கு அதே சிறையில் கால் அங்குலம் அனுமதி இருந்தது. தலைமுடிக்கோ தாடிபோலத் தடையே இல்லை. ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்துக் கைதியின் பக்கம் நின்றார்கள். அமெரிக்க மரீன் படையில் சேர வந்த சீக்கியர்களும் 2022-ல் இதே வாதத்தால்தான் தாடியோடு பயிற்சிக்குப் போகும் அனுமதி பெற்றார்கள்.

நம் ஊரிலும் இதைப் பார்க்கலாம். கார்த்திகை பிறந்தால் ஐயப்பனுக்கு மாலை போட்டவர்கள் சவரம் செய்வதில்லை. பல அலுவலகங்களில் அந்தத் தாடியை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. "சாமி" என்று மரியாதையோடு கூப்பிடுகிறார்கள். மனைவி கர்ப்பமாக இருக்கும்போது முடி எடுக்காத கணவனையும் அப்படியே விட்டுவிடுகிறோம். மிக நல்ல பழக்கம். ஆனால் அதே அலுவலகம் ஒரு முஸ்லிம் ஊழியரிடம் 'தாடி நிறுவனத்தின் தோற்றத்துக்கு ஒத்துவராது' என்று சொன்னால், தோற்றம் காரணம் இல்லை என்பது தெரிந்துபோகிறது.

இந்தியாவில் இரண்டு வழக்குகள்

2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், தாடி வைத்ததற்காகப் பணியிலிருந்து விடுவிக்கப்பட்ட ஒரு முஸ்லிம் விமானப்படை வீரரின் மனுவைத் தள்ளுபடி செய்தது. 'முஸ்லிம்கள் தாடி வைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது' என்று இதைச் சொல்லித் திரிகிறவர்கள் உண்டு. அது தவறு. முடி வெட்டுவதையோ சிரைப்பதையோ தடைசெய்யும் சமயத்தைச் சேர்ந்தவர்களுக்கு விலக்கு என்று விமானப்படை விதி சொல்கிறது. இஸ்லாம் அப்படித் தடைசெய்கிறது என்று காட்டும் ஆதாரம் நீதிமன்றத்தின் முன் வைக்கப்படவில்லை. ஆகவே அந்த விலக்குக்குள் அவர் வரவில்லை. அவ்வளவுதான். படை ஒழுக்கம் என்ற சூழலில் சொன்னதை ஜவுளிக் கடைக்கும் வங்கிக்கும் நீட்ட முடியாது.

இரண்டாவது வழக்கு மதுரையிலிருந்து. மக்காவுக்குப் புனிதப் பயணம் போய்த் தாடியோடு திரும்பிய ஒரு காவலர் மேல் துறை நடவடிக்கை எடுத்து, ஊதிய உயர்வை நிறுத்தினார்கள். 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அந்தத் தண்டனையை ரத்துசெய்து மறுபரிசீலனைக்கு அனுப்பியது. முஸ்லிம் காவலர்கள் பணியிலும் சீராகத் தாடி வைத்துக்கொள்ளலாம் என்று 1957-ஆம் ஆண்டின் மெட்ராஸ் போலீஸ் கெஜட்டிலேயே இருக்கிறது என்பதை நீதிபதி எடுத்துக் காட்டினார். 60 வருடத்துக்கும் மேலாக ஏட்டில் இருந்த உரிமை அது.

ஒன்றைக் கவனியுங்கள். விமானப்படை, காவல்துறை இரண்டும் அரசு. நம் அரசியல் சாசனத்தின் 14, 15-ஆம் பிரிவுகள் முதன்மையாக அரசைத்தான் கட்டுப்படுத்துகின்றன. தனியார் வேலைகளில் சமயப் பாகுபாட்டைப் பொதுவாகத் தடுக்கும் ஒரு சட்டம் நம்மிடம் இல்லை. இது ஒரு பெரிய ஓட்டை.

எல்லாத் தாடிகளுக்குமான குரல்

அழகுக்காகத் தாடி வைப்பவர் நிலை என்ன? சட்டத்தின் பார்வையில் பெரும்பாலும் அது தனிவிருப்பம், பாதுகாப்பு குறைவு. ஆனால் பிரச்சாரம் என்பது நீதிமன்றத்தோடு முடிவதில்லை. 1830-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ஜோசப் பால்மர் என்ற விவசாயி, தாடி யாரும் வைக்காத காலத்தில் வைத்ததற்காக ஊராரால் தாக்கப்பட்டார். பலவந்தமாகச் சிரைக்க வந்தவர்களை எதிர்த்துப் போராடியதற்கு அவருக்கே அபராதம் போட்டார்கள். கட்ட மறுத்து ஒரு வருடத்துக்கு மேல் சிறையில் இருந்தார். தாடி வைத்ததற்காகத் துன்புறுத்தப்பட்டவர் என்று அவர் கல்லறையில் பொறித்திருக்கிறார்கள். பிரிட்டனில் 1995-லிருந்து தாடி விடுதலை முன்னணி என்ற அமைப்பு, கீத் பிளெட் என்ற வரலாற்றாளரை முன்னிறுத்தி, எல்லாத் தாடிக்காரருக்காகவும் பேசிவருகிறது.

விதிகளும் நகர்ந்திருக்கின்றன. யூபிஎஸ் கூரியர் நிறுவனம் 2020-ல் தாடித் தடையை நீக்கியது. பிரிட்டிஷ் ராணுவம் 2024 மார்ச்சில், சீராக வெட்டிய தாடியை அனுமதித்தது. முகக்கவசம் தேவைப்படும் களத்தில் எடுக்கச் சொல்லலாம் என்ற நிபந்தனையோடு. எதிர்த்திசையும் உண்டு: அமெரிக்க ராணுவத்தில் 2025-ல் தாடி விலக்குகளை மறுபடி இறுக்கத் தொடங்கினார்கள்.

தம்பி எழுதிய கடிதம்

தனியார் ஹோட்டல் என்பதால் எங்கள் தெருத் தம்பியிடம் வலுவான சட்டம் இல்லை. அப்புறம் என்ன செய்வது? மூன்று கேள்வியையும் வரிசையாக வைத்து ஒரு பக்கக் கடிதம் எழுதச் சொன்னேன். தோல் மருத்துவரின் சீட்டை இணைத்தான். விதியின் நோக்கம் சுத்தமான தோற்றம் என்பதை ஒத்துக்கொண்டான். டிரிம்மரில் 2 மில்லிமீட்டர் அளவு வைத்து, கன்னத்தையும் கழுத்தையும் கோடுபோலச் சீராக வைத்திருக்கிறேன், ஒரு மாதம் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறான். கடைசியாக, சென்ற கார்த்திகையில் மாலை போட்டிருந்த இரண்டு ஊழியர்கள் அதே வரவேற்பு மேசையில் தாடியோடு நின்றதையும், விருந்தினர் எவரும் புகார் சொல்லாததையும் ஒரு வரியில் சேர்த்தான். அந்த வரியை மட்டும் இரண்டு முறை திருத்தி எழுதினோம். அவர்களுக்குக் கொடுத்ததைப் பறியுங்கள் என்று கேட்பதுபோல ஆகிவிடக் கூடாது என்று அவனுக்குக் கவலை.